தீவனக் கொழுப்பின் எரிசக்தி: ஐந்து நிமிடச் சோதனை எதை அளக்கிறது?

2024 செப்டம்பரில் மத்திய அரசு கச்சா பாமாயில், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றின் அடிப்படைச் சுங்க வரியை 20 சதவீதமாக உயர்த்தியது. 2025 மே மாத இறுதியில் அதையே 10 சதவீதமாகக் குறைத்தது. சமையல் எண்ணெய் விலை இப்படி ஏறி இறங்கும்போதெல்லாம் நாமக்கல், பல்லடம் பக்கத்துக் கோழித் தீவன ஆலைகளில் ஒரே பேச்சுதான்: சோயா எண்ணெய்க்குப் பதில் வேறு எதைப் போடலாம்? அரிசித் தவிட்டு எண்ணெய், பாமாயில், சுத்திகரிப்பு ஆலைகளில் மிஞ்சும் ஆசிட் ஆயில், பாமாயில் ஃபேட்டி ஆசிட், கோழிக் கழிவிலிருந்து உருக்கி எடுத்த கோழி எண்ணெய் எனப் பட்டியல் நீளம். விலையிலும் தரத்திலும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரம்.

இப்போது டேங்கரோடு கூடவே ஒரு தாளும் வருகிறது. ‘என்.ஐ.ஆர். சோதனை, எரிசக்தி கிலோவுக்கு 8,600 கிலோகலோரி’ என்று அதில் அச்சடித்திருக்கும். என்.ஐ.ஆர். என்பது அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சிச் சோதிக்கும் கருவி. சோதனைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. இந்த எண்ணை நம்பித் தீவனக் கலவைக் கணக்கு, அதாவது ஃபார்முலா, போடலாமா என்பதுதான் ஆலைக்காரர்களின் குழப்பம். விடை தெரிய, எரிசக்தி என்று எதைச் சொல்கிறார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எரிந்தால் வருவது வேறு, கோழிக்குக் கிடைப்பது வேறு

ஒரு பொருளை ஆக்சிஜன் நிரப்பிய எஃகுக் கலத்துக்குள் முழுதாக எரித்து, வெளிவரும் வெப்பத்தை அளந்தால் கிடைப்பது மொத்த எரிசக்தி. அதற்கான கருவி பாம் கலோரிமீட்டர். சோயா எண்ணெயை எரித்தாலும் மாட்டுக் கொழுப்பை எரித்தாலும் கிலோவுக்கு ஏறக்குறைய 9,400 கிலோகலோரிதான் வரும். பாமாயில் ஃபேட்டி ஆசிட் 9,300ஐ ஒட்டி நிற்கும். ஆக, இந்தக் கருவியின் கண்ணுக்கு நல்ல எண்ணெயும் மட்டமான எண்ணெயும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பாரஃபின் எண்ணெய் எரிந்தால் கிலோவுக்குச் சுமார் 11,000 கிலோகலோரி தரும். கோழிக்கு அதனால் ஒரு கலோரியும் பயனில்லை. தின்றது அப்படியே எச்சத்தில் வந்துவிடும். கனிம எண்ணெய் கலந்த கொழுப்பு, மொத்த எரிசக்திச் சோதனையில் அசல் கொழுப்பைவிட உயர்வாகத் தெரியும் என்பதுதான் வேடிக்கை. எனவே யாராவது மொத்த எரிசக்தியைக் காட்டி எண்ணெய் விற்க வந்தால் அந்தத் தாளை ஓரமாக வைத்துவிடலாம்.

ஃபார்முலாவுக்கு வேண்டியது வளர்சிதை மாற்ற எரிசக்தி. ஆலைகளில் எம்.ஈ. என்பார்கள். தின்ற தீவனத்தின் மொத்த எரிசக்தியிலிருந்து எச்சத்தில் (கோழிக்கு மலமும் சிறுநீரும் ஒன்றாகவே வரும்) போகும் எரிசக்தியைக் கழித்தால் மிஞ்சுவது இது. பிராய்லர் தீவனத்தில் கிலோவுக்கு 3,000 முதல் 3,200 கிலோகலோரி வைக்கிறோம் என்று சொல்வது இந்தக் கணக்கில்தான். கொழுப்பின் எம்.ஈ. 5,000லிருந்து 9,000க்கு மேல் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மக்காச்சோளமோ சோயா புண்ணாக்கோ இவ்வளவு அகலமாக ஆடுவதில்லை.

குடலுக்குள் என்ன நடக்கிறது

கொழுப்பு தண்ணீரில் கரையாது. குடலோ தண்ணீர் நிறைந்த இடம். பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக உடைக்கிறது. லைபேஸ் என்ற நொதி ஒவ்வொரு கொழுப்பு மூலக்கூறிலிருந்தும் இரண்டு கொழுப்பமிலங்களைக் கழற்றிவிட்டு, நடுவில் ஒன்று ஒட்டியிருக்கும் மோனோகிளிசரைடை விட்டுவைக்கிறது. பித்த உப்பும் மோனோகிளிசரைடும் கொழுப்பமிலங்களும் சேர்ந்து மைசெல் எனப்படும் நுண்ணிய உருண்டைகளாகின்றன. குடல் சுவர் வரை கொழுப்பைச் சுமந்து போவது இந்த உருண்டைகளே. இதில் மூன்று இடங்களில் சிக்கல் வரும்.

1. நிறைவுற்ற கொழுப்பமிலம். பால்மிடிக், ஸ்டியரிக் அமிலங்கள் நேரான, விறைப்பான சங்கிலிகள். மைசெல்லுக்குள் எளிதில் நுழையா. சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கரையாத சோப்பாகி எச்சத்தில் போய்விடவும் செய்யும். ஓலியிக், லினோலியிக் போன்ற நிறைவுறாதவை தாமும் எளிதில் நுழையும், கூட இருக்கும் நிறைவுற்றதையும் கொஞ்சம் இழுத்துக்கொண்டு போகும்.

2. தனிக் கொழுப்பமிலம், ஆலைப் பேச்சில் எஃப்.எஃப்.ஏ. கொழுப்பு ஏற்கெனவே உடைந்திருந்தால் செரிக்க எளிதுதானே என்று தோன்றும். நடப்பது தலைகீழ். முழுதாக உடைந்துபோன கொழுப்பில் மோனோகிளிசரைடு இல்லை; மைசெல் உருவாகத் துணை இல்லை. சோப்பாகும் வாய்ப்பும் கூடுதல்.

3. கோழியின் வயது. முதல் இரண்டு மூன்று வாரங்களில் குஞ்சுக்குப் பித்தநீர்ச் சுரப்பும் லைபேஸும் போதாது. அதே பாமாயிலை ஐந்து வாரக் கோழி குஞ்சைவிட நன்றாகவே செரித்துக்கொள்ளும்.

மூன்றாவதை நன்றாக மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எண்ணெயின் எம்.ஈ. எண்ணெய்க்கு மட்டும் உரிய குணம் அல்ல, தின்னும் பறவையையும் சேர்த்து வரும் எண். வயதைச் சொல்லாமல் ‘இந்த எண்ணெய்க்கு 8,600’ என்று ஒற்றை எண் போடுவதே பாதிச் செய்திதான்.

கோழியை வைத்தே சோதித்தால்

நேர்வழி அதுதான். அடிப்படைத் தீவனம் ஒன்று, அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டு அதற்குப் பதில் சோதனைக் கொழுப்பைச் சேர்த்தது இன்னொன்று. கூண்டுக் கோழிகளை இரண்டுக்கும் சில நாள் பழக்கி, பிறகு மூன்று நான்கு நாள் தின்றதையும் கழித்ததையும் முழுக்கச் சேகரித்து, உலர்த்தி, கலோரிமீட்டரில் எரித்துக் கணக்கிட வேண்டும். எல்லாம் முடிய வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் அந்த டேங்கர் எண்ணெய் தீவனமாகி, தீவனம் கோழியாகி, கோழி கடைக்கே போயிருக்கும்.

கனடாவில் இயன் சிபால்ட் 1976இல் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார். வளர்ந்த சேவலைப் பட்டினி போட்டு, அளந்த தீவனத்தைக் குழாய் வழியாக இரைப்பைக்குள் செலுத்தி, அடுத்த ஒன்றிரண்டு நாள் எச்சத்தைச் சேகரிக்கும் முறை. மக்காச்சோளம் போன்றவற்றுக்கு இது நல்ல வழி. கொழுப்புக்கோ வளர்ந்த சேவலின் குடல் மிகவும் தாராளமானது. அதில் வந்த எண்ணைக் குஞ்சுத் தீவனத்துக்குப் போட்டால் ஏமாற்றம்தான்.

வைஸ்மன் சமன்பாடு

இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜூலியன் வைஸ்மனும் அவருடைய குழுவினரும் பலவகைக் கொழுப்புகளைக் கோழிக்கும் பன்றிக்கும் கொடுத்துப் பார்த்து, 1998இல் ஒரு பொதுச் சமன்பாட்டை வெளியிட்டார்கள். இன்றைய வேகச் சோதனைகள் பலவற்றுக்குப் பின்னால் இருப்பது இதுவோ இதன் சாயலில் வந்த ஒன்றோதான். அதற்குத் தேவை இரண்டே விவரம்: தனிக் கொழுப்பமிலம் எவ்வளவு, நிறைவுறாததற்கும் நிறைவுற்றதற்கும் உள்ள விகிதம் எவ்வளவு.

இளம் பிராய்லருக்கு அது இப்படிப் போகும்.

1. 38.112 மெகாஜூலில் தொடங்கவும் (ஒரு மெகாஜூல் 239 கிலோகலோரி).
2. ஒரு கிலோ கொழுப்பில் தனிக் கொழுப்பமிலம் எத்தனை கிராமோ, அதை 0.009ஆல் பெருக்கிக் கழிக்கவும்.
3. விகிதத்தை 0.506ஆல் பெருக்கி, எதிர்க்குறி இட்டு, 2.718க்கு அடுக்காக வைக்கவும். வரும் எண்ணை 15.337ஆல் பெருக்கி, அதையும் கழிக்கவும்.

வயதான பிராய்லருக்கு இதே வடிவம்தான். எண்கள் மட்டும் 39.025, 0.006, 0.403, 8.505 என்று மாறும். குஞ்சில் 15ஆக இருந்த நிறைவுற்ற கொழுப்பின் அபராதம் வளர்ந்த கோழியில் எட்டரையாக இறங்குவதைக் கவனியுங்கள். மேலே சொன்ன பித்தநீர்க் கதை முழுதும் இந்த ஓர் எண்ணில் அடங்கியிருக்கிறது.

நான்கு சரக்குகளுக்குப் போட்டுப் பார்ப்போம். கொழுப்பமில அளவுகள் வழக்கமாகக் காணக்கூடியவை. எரிசக்தி கிலோவுக்குக் கிலோகலோரியில்.

- கச்சா சோயா எண்ணெய் (எஃப்.எஃப்.ஏ. 1%, நிறைவுற்றது 15%): இளம் கோழிக்கு சுமார் 8,880, வயதானதற்கு 9,105.
- சோயா ஆசிட் ஆயில் (எஃப்.எஃப்.ஏ. 50%, விகிதம் 5): 7,740, 8,340.
- கச்சா பாமாயில் (எஃப்.எஃப்.ஏ. 5%, பாதிக்குப் பாதி நிறைவுற்றது): 6,790; 7,900.
- பாமாயில் ஃபேட்டி ஆசிட் (எஃப்.எஃப்.ஏ. 85%, பாதிக்குப் பாதி நிறைவுற்றது): 5,070, 6,750.

கலோரிமீட்டரில் ஒன்றுபோலத் தெரிந்த சரக்குகள் இங்கே 3,800 கிலோகலோரி வித்தியாசத்தில் நிற்கின்றன. ஆசிட் ஆயில் என்றாலே முகம் சுளிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கலாம். தனிக் கொழுப்பமிலம் பாதி இருந்தும், சோயாவிலிருந்து வந்த ஆசிட் ஆயில் நல்ல பாமாயிலைவிட மேலே நிற்கிறது. எஃப்.எஃப்.ஏ. ஒரு சதவீதம் கூடினால் குஞ்சுக்கு இறங்குவது 20 கிலோகலோரி சொச்சம்தான். நிறைவுற்ற கொழுப்பு இரண்டு சதவீதம் கூடினால் இந்தச் சரக்குகளின் வரம்புக்குள் இடத்தைப் பொறுத்து 90 முதல் 130 வரை இறங்கும். கொள்முதலில் எஃப்.எஃப்.ஏ. ஒன்றை மட்டும் பிடித்துத் தொங்கும் பழக்கம் எவ்வளவு ஒருசார்பானது என்பது இதில் தெரியும்.

வேகச் சோதனைகள்: எது எதைப் பார்க்கிறது?

கோழியை விட்டுவிட்டுக் கொழுப்பின் உட்கூறுகளை அளப்பது, அதைச் சமன்பாட்டில் போடுவது: வேகச் சோதனை என்பது இவ்வளவுதான். எந்தக் கருவியும் எரிசக்தியைப் பார்ப்பதில்லை. இது புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்தது.

*டைட்ரேஷன்.* எஃப்.எஃப்.ஏ. அளக்கப் பத்து நிமிட வேலை. எண்ணெயை எடைபோட்டு, சூடான ஆல்கஹாலில் கலக்கி, ஃபினால்ஃப்தலீன் சொட்டு விட்டு, இளஞ்சிவப்பு நிற்கும் வரை காஸ்டிக் சோடா கரைசலை இறக்க வேண்டும். இறங்கிய மில்லியை நார்மாலிட்டியாலும் (கரைசலின் செறிவு) 28.2ஆலும் பெருக்கி, எடையால் வகுத்தால் சதவீதம் வந்துவிடும். 5 கிராம் எண்ணெய்க்கு 0.1 நார்மல் கரைசல் 17.7 மில்லி இறங்கினால் எஃப்.எஃப்.ஏ. 10 சதவீதம்.

எளிய சோதனைதான், பள்ளங்களும் உண்டு. 28.2 என்பது ஓலியிக் அமிலக் கணக்கு. பாமாயில் வியாபாரத்தில் பால்மிடிக் கணக்கில் 25.6 போடுவார்கள். ஒரே எண்ணெய்க்கு ஒரு தாளில் 10, இன்னொன்றில் 9.1 என்று வந்தால் இருவருமே பொய் சொல்லவில்லை. ஆசிட் ஆயிலில் வேறு தொல்லை. சோப்புக் கசடைக் கந்தக அமிலம் ஊற்றிப் பிரித்துத்தான் அதை எடுக்கிறார்கள். சரியாகக் கழுவாமல் மிச்சமிருக்கும் அமிலமும் டைட்ரேஷனில் கொழுப்பமிலமாகவே கணக்கில் வரும். எண்ணெயை வெந்நீரில் குலுக்கி, பிரிந்த தண்ணீரில் பி.எச். தாள் நனைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். தவிட்டு எண்ணெயிலோ அதில் இயல்பாகவே உள்ள ஒரைசனால் என்ற பொருள் கொஞ்சம் காஸ்டிக்கைத் தின்றுவிடும், கருத்த நிறம் இளஞ்சிவப்பையும் மறைக்கும். அதற்கு ஆல்கலி புளூ என்ற வேறு நிறங்காட்டி நல்லது.

*அயோடின் எண்ணும் ஒளிவிலகல் எண்ணும்.* நிறைவுறாத் தன்மையைச் சுருக்கமாகச் சொல்வது அயோடின் எண். சோயாவுக்கு 120க்கு மேல், பாமாயிலுக்கு 50 சொச்சம். ரசாயன முறையில் இதற்கு ஒரு மணி நேரம் போகும். ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில் ஒரு சொட்டு விட்டு ஒளிவிலகல் எண்ணைப் படித்து, அதிலிருந்து அயோடின் எண்ணை ஊகிப்பது ஒரு நிமிட வேலை. சோயா 40 டிகிரியில் 1.466 முதல் 1.470 வரை காட்டும். அதே சூட்டில் பாமாயில் அதைவிட ஏறக்குறைய 0.010 குறைவு. சூடு ஒரு டிகிரி மாறினால் எண் 0.0004 நகரும், ஐந்து டிகிரி பிசகினால் இரண்டு எண்ணெய்க்கும் நடுவில் உள்ள தூரத்தில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஆகவே வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் வசதி இல்லாத கருவியை வாங்கிப் பயனில்லை.

அயோடின் எண் விகிதத்துக்கு நேர் மாற்றும் அல்ல. ஓலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெய்க்கு அயோடின் எண் 80, 90 என்றுதான் இருக்கும், நிறைவுற்றது பத்து சதவீதத்துக்குள். தவிட்டு எண்ணெய்க்கு அயோடின் எண் 100ஐ ஒட்டி, நிறைவுற்றதோ 20 சதவீதத்துக்கு மேல். அயோடின் எண்ணை மட்டும் பார்த்தால் தவிட்டு எண்ணெய் மேலே, செரிமானத்தில் சூரியகாந்தி மேலே. ஒரே வகை எண்ணெயின் டேங்கருக்கு டேங்கர் ஒப்பீட்டுக்கு அயோடின் எண் நன்றாக உதவும். வகை மாறினால் உதவாது.

*என்.ஐ.ஆர். கருவி.* கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்கு அப்பால், 2,500 நானோமீட்டர் வரையுள்ள அகச்சிவப்பு ஒளியை எண்ணெயில் பாய்ச்சி எந்த அலைநீளத்தில் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்க்கும் முறை. அமெரிக்க வேளாண் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் கார்ல் நாரிஸ் 1960களில் தானியத்துக்கும் எண்ணெய் வித்துக்கும் தொடங்கியது, இன்று பெரிய தீவன ஆலைகளில் சாதாரணமாகிவிட்டது. கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் 1,725, 2,310 நானோமீட்டரை ஒட்டி உறிஞ்சும். இரட்டைப் பிணைப்புகள் 2,145 பக்கத்தில் தலைகாட்டும். தண்ணீர் 1,940இல்.

இந்த மேடு பள்ளங்கள் தாமாக எதையும் சொல்லா. ஆய்வகத்தில் ஏற்கெனவே அளந்த நூற்றுக்கணக்கான மாதிரிகளின் ஒளிப்பதிவையும் அளவுகளையும் இணைத்து ஒரு புள்ளியியல் மாதிரி கட்ட வேண்டும். அதற்குக் கேலிபிரேஷன் என்று பெயர். கருவியின் மூளை அதுதான். வாங்கும் விலையில் பெரும்பகுதி இரும்புக்குப் போனாலும், பயன் முழுதும் கேலிபிரேஷனில்தான் இருக்கிறது. எரிசக்தி எண்ணுக்கு அது இரண்டு வழியில் வரும்.

1. கொழுப்பமில அளவுகளையும் எஃப்.எஃப்.ஏ.வையும் கணித்து, அவற்றைச் சமன்பாட்டில் போடுவது. ஒவ்வொரு படியையும் தனித்தனியே சரிபார்க்க முடியும்.
2. கோழியில் அளந்த எம்.ஈ.யையே ஒளிப்பதிவோடு நேரடியாகப் பொருத்துவது. கேட்க அழகு. ஆனால் கோழிச் சோதனை செலவானது என்பதால் மாதிரிகள் குறைவாகவே இருக்கும், அந்தச் சோதனைக்கே உள்ள பிழையும் கூடவே ஏறிக்கொள்ளும்.

முதல் வழியே நம்பத் தகுந்தது என்பது என் கருத்து. தவறு எங்கே நடந்தது என்று தேடிப் பிடிக்கவாவது முடியும்.

நிறைவுற்றது, நிறைவுறாதது, அயோடின் எண், ஈரம், அகலமாக மாறும் எஃப்.எஃப்.ஏ. ஆகியவற்றை என்.ஐ.ஆர். நன்றாகவே பிடிக்கும். பெராக்சைடு எண் (காறலின் தொடக்கத்தைக் காட்டுவது), சோப்பாகாப் பொருள் (காரத்தோடு சேர்ந்து சோப்பாக மாறாதது) போன்ற சிறு அளவுகளில் தடுமாறும். சோயாவுக்கும் பாமாயிலுக்கும் பழக்கிய கருவியில் கோழி எண்ணெயை வைத்தாலும் அது வாயை மூடிக்கொண்டிருக்காது, ஏதோ ஓர் எண்ணைத் தரும். மாதிரி தனக்குத் தெரிந்த கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று ஒரு தூர எண்ணையும் நல்ல மென்பொருள் காட்டும். அது 3ஐத் தாண்டினால் கணிப்பை நம்பாமல் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். விற்பனைத் தாள்களில் அச்சாகாமல் போவது பெரும்பாலும் இந்த எண்தான்.

சமன்பாட்டுக்குள் வராத சரக்கு

வைஸ்மன் சமன்பாடு கொழுப்பைப் பற்றியது. டேங்கரில் வருவதெல்லாம் கொழுப்பு அல்ல. தண்ணீர், வடிகட்டினால் தங்கும் கசடு, சோப்பாகாப் பொருள் மூன்றையும் சேர்த்து எம்.ஐ.யூ. என்பார்கள். இவற்றின் எரிசக்தியைப் பூஜ்யமாகவே வைத்துக்கொள்வது பத்திரம். சமன்பாட்டில் வந்த எண்ணை அந்தச் சதவீதத்துக்கு நேராகக் குறைத்துவிட வேண்டும்.

நம் ஊரில் இது அதிகம் கடிப்பது தவிட்டு எண்ணெயில். அதில் மெழுகும் ஒரைசனாலும் இன்ன பிறவும் இயல்பாகவே உண்டு. சோப்பாகாப் பொருள் மட்டுமே 3 முதல் 5 சதவீதம் வரும். எஃப்.எஃப்.ஏ. 10 சதவீதம், விகிதம் மூன்றரை உள்ள தவிட்டு எண்ணெய்க்குச் சமன்பாடு குஞ்சில் 8,270 தருகிறது. எம்.ஐ.யூ. 5 சதவீதம் என்றால் கையில் நிற்பது 7,860.

தவிட்டு எண்ணெயின் எஃப்.எஃப்.ஏ. ஏன் இப்படி ஆடுகிறது என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. நெல்லை அரைத்து உமியும் தவிடும் பிரிந்த கணத்திலேயே தவிட்டில் உள்ள லைபேஸ் எண்ணெயை உடைக்கத் தொடங்கிவிடும். தவிடு ஆலையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் எஃப்.எஃப்.ஏ. ஏறும். புழுங்கல் அரிசித் தவிட்டில் இந்தத் தொல்லை குறைவு. நெல்லை அவிக்கும்போதே அந்த நொதி செத்துப்போகிறது. புழுங்கல் அரைக்கும் தமிழ்நாட்டு ஆலைகளின் தவிட்டுக்கு இது ஓர் இயற்கையான அனுகூலம். பச்சரிசித் தவிடு கலந்தால் அதே வேகத்தில் போய்விடும்.

அடுத்தது காறல். ஆக்சிஜனேற்றத்தின் தொடக்கத்தில் பெராக்சைடு எண் ஏறும். கொஞ்ச நாளில் பெராக்சைடுகளே உடைந்து எண் இறங்கிவிடும். அதனால் பெராக்சைடு எண் குறைவாக உள்ள எண்ணெய் புதியதாகவும் இருக்கலாம், காறல் முற்றிப்போனதாகவும் இருக்கலாம். பெராக்சைடு உடைந்து உருவாகும் பொருள்களைக் காட்டும் அனிசிடின் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும். பலமுறை பொரித்த எண்ணெயில் கொழுப்பமிலங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பாலிமராகிவிடும். அவை செரிக்கா, எஃப்.எஃப்.ஏ. சோதனையிலும் மாட்டா. பொரித்த எண்ணெயின் மொத்தத் துருவச் சேர்மங்கள் (பொரிக்கப் பொரிக்க எண்ணெய் சிதைந்து சேர்பவை) 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வரம்பு கொண்டுவந்தது, மிச்ச எண்ணெயை பயோடீசலுக்குத் திருப்பிவிடும் திட்டத்தையும் தொடங்கியது. அந்த வழியில் போகாமல் நழுவும் சரக்கு மலிவு விலையில் எங்கே வந்து நிற்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று: கொழுப்பு மூலக்கூறில் நிறைவுற்ற அமிலம் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதும் செரிமானத்தை மாற்றும். பன்றிக் கொழுப்பில் பால்மிடிக் பெரும்பாலும் நடுவில், பாமாயிலில் ஓரங்களில். நடுவில் இருந்தால் மோனோகிளிசரைடோடு சேர்ந்து உள்ளே போய்விடும். விகிதம் மட்டும் பார்க்கும் கணக்குக்கு இது தெரியாது.

மாடுகளுக்கு இந்தச் சமன்பாடு பொருந்தவே பொருந்தாது. நிறைவுறாக் கொழுப்பை அசைபோடும் வயிற்று நுண்ணுயிர்கள் பெரும்பாலும் நிறைவுற்றதாக மாற்றிவிடும்.

மாதிரி எடுப்பதில்தான் பாதிப் பிழை

டேங்கர் நின்று கொண்டிருந்தால் தண்ணீரும் கசடும் அடியில் இறங்கும். பாமாயில் ஆறினால் கெட்டிப் பகுதி கீழே, தெளிந்த பகுதி மேலே. மேல் மூடியைத் திறந்து ஒரு கரண்டி மொண்டு கருவியில் வைத்தால், டேங்கரிலேயே நல்ல பகுதியைத்தான் அளக்கிறீர்கள். மேல், நடு, அடி மூன்றிலும் எடுத்து, 60 டிகிரிக்குச் சூடாக்கி முழுதாக உருக்கி, கலக்கி, அதன் பிறகே எந்தச் சோதனையும். லட்ச ரூபாய்க் கருவியின் துல்லியத்தைக் கெடுக்க ஒரு கரண்டி போதும்.

தாளைக் கையில் வாங்கியதும் கேட்க வேண்டியவை

1. இது மொத்த எரிசக்தியா, எம்.ஈ.யா? பாமாயிலுக்கு 9,000ஐத் தாண்டியிருந்தால் அது மொத்த எரிசக்திதான், சந்தேகமே வேண்டாம்.
2. எந்த வயதுக் கோழிக்கு?
3. எம்.ஐ.யூ. கழித்தாயிற்றா?
4. எஃப்.எஃப்.ஏ. ஓலியிக் கணக்கா, பால்மிடிக் கணக்கா?
5. இந்த வகை எண்ணெய் கேலிபிரேஷனில் இருந்ததா, தூர எண் என்ன?

ஐந்துக்கும் பதில் வந்தாலும் அந்த எண்ணை நூறு கிலோகலோரிக்குள் துல்லியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறைவுற்றதில் இரண்டு சதவீதப் பிசகே நூறை விழுங்கிவிடும் என்று பார்த்தோம். 8,600க்கும் 8,550க்கும் சண்டை போடுவது வீண். சென்ற டேங்கர் 8,500, இந்த டேங்கர் 7,900 என்றால் அது உண்மையான வித்தியாசம். ஒரே கருவி, ஒரே ஆள், ஒரே முறை என்று வைத்துக்கொண்டு டேங்கருக்கு டேங்கர் ஒப்பிடுவதில்தான் வேகச் சோதனையின் பலம் இருக்கிறது. அவ்வப்போது சில மாதிரிகளை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பிக் கருவியைச் சரிபார்த்துக்கொள்ளவும் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது.

தீவனத்தில் எவ்வளவு தெரியும், பணத்தில் எவ்வளவு?

டன்னுக்கு 30 கிலோ எண்ணெய் சேர்க்கும் தீவனத்தை எடுத்துக்கொள்வோம். 8,300 என்று நினைத்துப் போட்ட எண்ணெய் உண்மையில் 6,800 என்றால், தீவனத்தில் கிலோவுக்கு 45 கிலோகலோரி குறையும். 3,100இல் அது ஒன்றரை சதவீதத்தைத் தொடும். கோழி அந்தக் குறையைத் தின்று ஈடுகட்டும் என்று வைத்துக்கொண்டால் 1.60ஆக இருந்த எஃப்.சி.ஆர். (ஒரு கிலோ எடை கூடத் தின்னும் தீவனம்) 1.62ஐத் தாண்டும். பத்தாயிரம் கோழிப் பண்ணையில் ஒரு பேட்சுக்கு அரை டன் தீவனம் கூடுதல். பண்ணையில் இது கண்ணுக்குத் தெரியாது; வெயில், தண்ணீர், குஞ்சுத் தரம் என்று பழி எங்கெங்கோ போகும்.

கொள்முதலில் கிலோ விலையை விட்டுவிட்டு ஆயிரம் கிலோகலோரிக்கு என்ன விலை என்று பார்த்தால் படம் மாறும். கணக்குக்காக மட்டும் சோயா எண்ணெய் 120 ரூபாய், 5 சதவீத எம்.ஐ.யூ. உள்ள சோயா ஆசிட் ஆயில் 90, பாமாயில் ஃபேட்டி ஆசிட் 80 என்று வைப்போம்.

- குஞ்சுத் தீவனத்தில் ஆயிரம் கிலோகலோரிக்கு: சோயா 13.50 ரூபாய், ஆசிட் ஆயில் 12.20, ஃபேட்டி ஆசிட் 15.80.
- கடைசிக்கட்டத் தீவனத்தில்: சோயா 13.20, ஆசிட் ஆயில் 11.40, ஃபேட்டி ஆசிட் 11.90.

கிலோவுக்கு நாற்பது ரூபாய் மலிவான ஃபேட்டி ஆசிட், குஞ்சுக்குப் போட்டால் மூன்றிலும் விலை உயர்ந்தது. கடைசி வாரங்களில் போட்டால் சோயாவைவிட மலிவு. ஒரே ஆலையில் ஒரே தொட்டி வைத்து எல்லாத் தீவனத்துக்கும் ஒரே எண்ணெய் ஊற்றுகிறவர்களால் இந்த லாபத்தை எடுக்க முடியாது. இரண்டாவது தொட்டிக்கு ஆகும் செலவை இந்த வித்தியாசத்தோடு வைத்துப் பார்க்கலாம். ஒப்பந்தத்திலும் ‘எஃப்.எஃப்.ஏ. இவ்வளவுக்குள்’ என்ற ஒரே வரிக்குப் பதில் நிறைவுற்ற கொழுப்புக்கும் எம்.ஐ.யூ.வுக்கும் தனித்தனி வரம்பு, தாண்டினால் கிலோவுக்கு இத்தனை ரூபாய் கழிவு என்று எழுதலாம். நிறைவுற்ற கொழுப்பை இறக்குமிடத்திலேயே என்.ஐ.ஆர். சொல்லிவிடும். எம்.ஐ.யூ.வுக்கு ஆய்வக முடிவு வர வேண்டும், ஆகவே அந்தக் கழிவைப் பில் தொகையில் ஒரு பங்கு நிறுத்திவைத்துப் பிறகு தீர்த்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவரும்.